வாசகர் கேள்விகள்: பழைய காருக்குச் சரியான டைமிங் பெல்ட்

டைமிங் பெல்ட் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் பிணைத்து வைப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்பதோடு பல எஞ்சின்களில் வால்வுகளும் வளைந்துவிடும். அதனால் பதில்களைக் கொஞ்சம் விரித்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2002 மாடல் மாருதி 800 இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது. "மாருதி 800 டைமிங் பெல்ட்" என்று கேட்டேன். மூன்று கடையில் மூன்று விதமாக எடுத்துக் காட்டினார்கள். மூவருமே "இதுதான் சேரும்" என்கிறார்கள். எதை நம்புவது? – திண்டுக்கல் வாசகர்

கடைக்காரர்கள் மூவரும் உண்மையே சொல்லியிருக்கலாம். நீங்கள் காரின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983 டிசம்பரில், உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். இத்தனை ஆண்டும் அந்தப் பெயரில் ஒரே எஞ்சின் வரவில்லை. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது எஃப்8பி. 796 சிசி, மூன்று சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. 2000 வாக்கில் ஐந்து கியரோடு வந்த மாடலில் ஆல்ட்டோவின் எஃப்8டி எஞ்சினை வைத்தார்கள். அதுவும் 796 சிசி, அதுவும் மூன்று சிலிண்டர். ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, மொத்தம் பன்னிரண்டு. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கார்தான். உங்கள் வண்டி 2002 என்பதால் எதுவாகவும் இருக்கலாம்.

ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரைப் பாருங்கள். அது 'எஃப்8பி' என்றோ 'எஃப்8டி' என்றோ தொடங்கும். அதோடு விட்டுவிடாமல் பானட்டைத் திறந்து எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரையும் துணியால் துடைத்துப் படியுங்கள். இருபது வருட வண்டியில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். இரண்டு நம்பரும் ஒத்துப்போகாவிட்டால், பெல்ட் வாங்க பிளாக்கில் இருப்பதையே கணக்கில் எடுங்கள். ஆர்.சி. திருத்தம் தனி வேலை, அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து சேஸி நம்பர். 'எம்ஏ3' என்று தொடங்கும் பதினேழு எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு, கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டருக்குப் போங்கள். எஞ்சின் நம்பரையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்லாக்கில் பார்த்து பார்ட் நம்பர் சொல்வார்கள். நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அந்த நம்பர்தான். அது கையில் இருந்தால் பெல்ட்டை எந்த ஊரிலும் வாங்கலாம்.

நம்பரைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். மாருதியில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 12761 என்றால் டைமிங் பெல்ட், 12810 என்றால் பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனர். கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் எந்த எஞ்சினுக்கு உரியது என்பதைக் காட்டும். மூன்று கடைப் பெட்டிகளிலும் 12761 இருந்திருக்கும், பின்பாதி வேறாக இருந்திருக்கும். ஹூண்டாயிலும் இதே முறைதான். 24312 டைமிங் பெல்ட், 24410 டென்ஷனர். டொயோட்டாவில் டைமிங் பெல்ட் 13568. பின்பாதியில் ஓர் எழுத்து மாறினாலும் "கிட்டத்தட்ட இதேதான்" என்று வாங்காதீர்கள். பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருந்தால் கேட்லாக்கே அதைக் காட்டும். திரையில் அதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கேள்வி: ஓப்பல் கோர்சா 1.6, 2001 மாடல். ஷோரூம் இல்லை, கேட்லாக் பார்த்துச் சொல்ல ஆளும் இல்லை. பழைய பெல்ட்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. நீளத்தை நூல் வைத்து அளந்தேன், 95 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அதை வைத்து வாங்க முடியுமா? – கரூர் வாசகர்

நூல் அளவை வைத்து வாங்கினால் தவறாக வாங்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. ஏன் என்று உங்கள் உதாரண எண்ணை வைத்தே பார்ப்போம்.

கார் டைமிங் பெல்ட்டுகளில் ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடு வரை உள்ள தூரம் பெரும்பாலும் இரண்டு அளவுகளில் வரும்: 9.525 மில்லிமீட்டர் அல்லது 8 மில்லிமீட்டர். 9.525 அளவில் 100 பல் இருந்தால் மொத்த நீளம் 952.5 மி.மீ. 8 அளவில் 119 பல் இருந்தால் 952 மி.மீ. நீளத்தில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நூலில் அது தெரியாது. ஆனால் ஒன்றின் புல்லியில் மற்றொன்று ஐந்து பல்கூடச் சேர்ந்து உட்காராது.

ஆகவே முதலில் பல்லை எண்ணுங்கள். பெல்ட்டை மேசைமேல் வைத்து, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, பத்துப் பத்தாகக் குறி வைத்துக்கொண்டே சுற்றி வாருங்கள். இரண்டு முறை எண்ணி, இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும். பிறகு ஸ்டீல் ஸ்கேலை வைத்து முதல் பல்லின் நடுவிலிருந்து பதினோராவது பல்லின் நடு வரை அளவெடுங்கள். பெல்ட் வளையாமல் நேராகக் கிடக்க வேண்டும். 95 மி.மீ.க்குச் சற்று மேலே வந்தால் 9.525, 80 வந்தால் 8. மூன்றாவது அகலம். 17, 19, 22, 25 என்று பலவிதம் உண்டு. ஓரம் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால், தேயாத இடமாகப் பார்த்து அளக்க வேண்டும்.

நான்காவது பல்லின் வடிவம். பலர் கோட்டை விடுவது இதில்தான். பழைய வடிவம் மேலே தட்டையாக, இரு பக்கமும் சாய்வாக இருக்கும். பிற்காலத்து வடிவம் வட்டமான முதுகோடு இருக்கும். 9.525 தூரத்திலேயே இரண்டு வடிவமும் உண்டு. பல் எண்ணிக்கையும் அகலமும் சரியாக இருந்து வடிவம் மட்டும் மாறினால், பெல்ட் புல்லியில் உட்காருவதுபோலத்தான் தெரியும். எஞ்சினும் ஓடும். ஆனால் பல்லின் அடிவாரம் மட்டும் சுமை தாங்கி, சில ஆயிரம் கிலோமீட்டரில் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். புது பெல்ட்டின் ஒரு துண்டுப் பகுதியைப் புல்லியில் கையால் அழுத்திப் பார்த்தால், பள்ளத்தில் ஆட்டமில்லாமல் முழுதாக அடங்க வேண்டும்.

எழுத்து தெரியும் பெல்ட்டுகளில் இந்த விவரம் முதுகிலேயே இருக்கும். முதலில் பல் எண்ணிக்கை, நடுவில் வடிவத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து, கடைசியில் அகலம். நடு எழுத்து 'இசட்'டில் தொடங்கினால் தூரம் 9.525, 'ஒய்'யில் தொடங்கினால் 8. உங்கள் பெல்ட்டைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மை போனாலும் அச்சின் தடம் சில சமயம் தெரியும்.

ஓப்பல் இந்தியாவை விட்டுப் போனது 2006இல். ஆனாலும் உங்கள் எஞ்சினின் குடும்பம் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் ஏராளமாக ஓடியது. கேட்ஸ், கான்டிடெக், டேகோ போன்ற பெல்ட் கம்பெனிகளின் கேட்லாக்குகளில் எஞ்சின் கோட், அதாவது எஞ்சினின் வகையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், வைத்துத் தேடலாம். அதில் கிடைக்கும் பல் எண்ணிக்கையும் அகலமும் நீங்கள் எண்ணியதோடு ஒத்துப்போனால் துணிந்து வாங்கலாம். ஒத்துப்போகாவிட்டால், முன்பு யாரோ தவறான பெல்ட்டைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் சந்தேகப்படுங்கள். இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் டைமிங் பெல்ட்தான். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: மாருதி ஜென், 1999. இன்றுவரை 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கம்பெனி பெல்ட் அப்படியே இருக்கிறது. இன்னும் ஓடும்தானே? – ஸ்ரீரங்கம் வாசகர்

ஓடவிடாதீர்கள். ரப்பருக்குக் கிலோமீட்டரைப்போல வயதும் உண்டு. கம்பெனிகள் பொதுவாக 60,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை சொல்கின்றன. உங்கள் வண்டிக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். அதோடு ஐந்து ஆண்டு என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். நின்றே கிடக்கும் வண்டியில் பெல்ட் ஒரே இடத்தில் மடங்கிய நிலையில் மாதக்கணக்கில் இருக்கும், ஓரமாகக் கசியும் ஆயில் அங்கேயே ஊறும். ஷெட்டில் எலி இருந்தால் இன்னொரு கவலை. மேல் கவரைக் கழற்றிப் பெல்ட்டின் முதுகை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் தெரிந்தாலோ, கண்ணாடிபோல மினுமினுத்து நகம் அழுத்தினால் தடம் விழாமல் இறுகிப்போயிருந்தாலோ, வொர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நூல் சோர்ந்துபோனது வெளியே தெரியாது.

கேள்வி: நாங்கள் வைத்திருப்பது டொயோட்டா டவுன்ஏஸ் டீசல் வான், சி.ஆர்.27. ஜப்பானில் பாவித்து இறக்கியது. மீட்டர் போர்டில் டி-பெல்ட் என்ற லைட் எரிகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் பதினேழு எழுத்துச் சேஸி நம்பர் தரச்சொல்கிறார்கள், எங்களுடையதில் அவ்வளவு இல்லை. – யாழ்ப்பாண வாசகர்

ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த வாகனங்களில் பதினேழு எழுத்து இராது. 'சி.ஆர்.27' என்று தொடங்கி, கோட்டுக்குப் பிறகு இலக்கங்கள் வரும் ஃபிரேம் நம்பர்தான் அவற்றுக்கு அடையாளம். அதையும், பாடியில் அடித்திருக்கும் மாடல் தகட்டிலுள்ள முழு மாடல் கோடையும், எஞ்சின் கோடையும், தயாரித்த ஆண்டு மாதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஜப்பான் சந்தைக்கான டொயோட்டா கேட்லாக்கில் அதை வைத்தே தேடலாம். ஐரோப்பியச் சந்தைக் கேட்லாக்கில் தேடினால் உங்கள் வாகனம் கிடைக்காது. கடைக்காரர் பதினேழு எழுத்து கேட்டிருந்தால் அந்தக் கேட்லாக்கைத்தான் திறந்திருப்பார்.

எஞ்சின் கோடை பிளாக்கிலேயே பாருங்கள். 2சி எஞ்சினிலும் டர்போ வைத்த வடிவம் உண்டு, மாற்று எஞ்சின் இறக்கிய வான்களும் ஏராளம். தகட்டை மட்டும் நம்பினால் போதாது.

அந்த லைட்டைப் பற்றி: டொயோட்டா டீசல்களில் அது பெல்ட்டைச் சோதித்து எரிவதில்லை. மீட்டர் ஒரு லட்சம் கிலோமீட்டர் காட்டும்போது தானாக எரியும், அவ்வளவுதான். மீட்டரை மாற்றிய வானிலோ பின்னால் சுற்றிய வானிலோ அதற்குப் பொருளே இல்லை. இறக்குமதி செய்த வாகனத்தில் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுங்கள். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் வால்வு தப்பாது. மாற்றிய பிறகு லைட்டை அணைக்கும் வழி மாடலுக்கு மாடல் வேறு. சிலவற்றில் மீட்டர் முகப்பில் சிறு ரப்பர் மூடிக்குள் பட்டன் இருக்கும், சிலவற்றில் மீட்டரின் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவைப் பக்கத்து ஓட்டைக்கு மாற்ற வேண்டும். பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு "சரிசெய்தாயிற்று" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கேள்வி: சான்ட்ரோ, 2004. பைபாஸில் போகும்போது சத்தமே இல்லாமல் எஞ்சின் நின்றது. செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது என்றார் மெக்கானிக். உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார். அவசியமா? – விழுப்புரம் வாசகர்

இனிமேல் ஒரு முறைகூட செல்ஃப் அடிக்காதீர்கள். செல்ஃப் லேசாக, தடையில்லாமல் சுற்றுவது கம்ப்ரஷன் போய்விட்டதன் அடையாளம். கேம் அசையாமல் நின்றுபோனதால் சில வால்வுகள் திறந்தபடியே நிற்கின்றன. ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் பிஸ்டன் போய் அவற்றில் மோதும். இந்த எஞ்சினில் மோதல் நடந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு செலவைத் திட்டமிடுங்கள். ஆனால் ஹெட்டைத் தூக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம். அதற்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க்கை, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப் நிலையிலிருந்து கால் சுற்று, அதாவது 90 டிகிரி, ஸ்பேனரால் மெதுவாகத் திருப்பினால் நான்கு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும். திருப்பும்போது எங்காவது தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இப்போது கேமைச் சுற்றினால் வால்வு எதிலும் இடிக்காது. கேமை அதன் புல்லியில் பொறித்த குறிக்குக் கொண்டுவந்து, பிறகு கிராங்க்கையும் வந்த வழியே குறிக்குத் திருப்பி, பெல்ட் போட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய சமமாக வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒன்றிரண்டில் முள் ஏறவே இல்லையென்றால் அங்கே வால்வு வளைந்திருக்கிறது. அந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருக்க வேண்டிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை பிளக் ஓட்டை வழியாக விட்டுக் காது கொடுத்தால் எது என்றும் தெரியும். காற்று ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு.

ஹெட் இறங்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், வளைந்த வால்வை நிமிர்த்திப் போட அனுமதிக்காதீர்கள். நிமிர்த்திய தண்டு பிறகு முறிந்து உள்ளே விழும். புது வால்வு, வால்வு சீல், ஹெட் கேஸ்கெட் வாங்கிக் கொடுங்கள். வால்வு கைடில் விரிசல் இருக்கிறதா, பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தடம் எவ்வளவு ஆழம் என்று நீங்களே நேரில் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: பெல்ட் ஏன் அறுந்தது? அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பத்துப் பல் சீவியதுபோலப் போயிருந்தால் ஏதோ ஒன்று இறுகி நின்றிருக்கிறது, கேமா டென்ஷனர் பேரிங்கா என்று தேட வேண்டும். ஓரம் நார்நாராகியிருந்தால் டென்ஷனர் சாய்ந்திருக்கிறது அல்லது புல்லி கோணலாகியிருக்கிறது. ரப்பர் உப்பி, தொட்டால் பிசுபிசுத்தால் ஆயில் சீல். கத்தரித்ததுபோல நேராக அறுந்திருந்தால், மாட்டும்போதோ அதற்கு முன்போ யாரோ அதை மடக்கியிருக்கிறார்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது பெல்ட் போட்டால் இதே கடிதத்தை மறுபடி எழுத நேரும்.

கேள்வி: பெல்ட் மட்டும் போதுமா, கிட் வாங்க வேண்டுமா? – ஈரோடு வாசகர்

டென்ஷனரையும், பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர் இருந்தால் அதையும், பெல்ட்டோடு மாற்றுங்கள். பெல்ட்டின் விலையைவிட அதை எட்டும் கூலிதான் அதிகம், அந்தக் கூலியை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. கையில் சுற்றும்போது பழைய டென்ஷனர் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். காதருகே பிடித்துச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைவதுபோலக் கேட்டாலும், சுண்டிவிட்டால் காற்றாடிபோல நிற்காமல் சுற்றினாலும் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. டென்ஷனர் ஸ்பிரிங் தனியாக இருந்தால் அதையும் புதிதாக வாங்குங்கள். கேம் ஆயில் சீலும் முன்பக்கக் கிராங்க் ஆயில் சீலும் மலிவானவை, அவற்றை விட்டுவைப்பதில் அர்த்தமே இல்லை.

வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட் சுற்றும் எஞ்சின்களில் அதுவும் சேர வேண்டும். ஃபியட் பாலியோவின் 1.2, லோகன், டஸ்டர் வண்டிகளின் 1.5 டீசல், ஃபோர்டு ஃபியஸ்டாவின் 1.4 டீசல், ஆக்டேவியா 1.9 டீசல் ஆகியவை அப்படிப்பட்டவை.

பெல்ட் வாங்கும்போது பெட்டியில் சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி எப்போது என்று பாருங்கள். பல நாள் கடை வெயிலில் தொங்கியதையும், இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டதையும் தொடாதீர்கள். முதுகில் உள்ள அச்சை ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள், சாயம்போலக் கரைந்து வந்தால் போலி. பல்லின் மேல் நெய்த நைலான் துணி சுருக்கமின்றி ஒட்டியிருக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரே தெருவில் அசலும் நகலும் கிடைக்கும். பில்லில் பார்ட் நம்பரை எழுதித் தரும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் மாருதி எஸ்டீமுக்கு அதிகம் ஓடாத பெல்ட் ஒன்று டென்ஷனரோடு கிடைக்கிறது. வாங்கலாமா? – தாம்பரம் வாசகர்

வேண்டாம். கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் என்று எத்தனையோ நல்ல பொருள் அங்கே கிடைக்கும். டைமிங் பெல்ட் அந்த வரிசையில் சேராது. அது எந்த எஞ்சினிலிருந்து கழன்றது என்பதும் தெரியாது. எஸ்டீமிலேயே முதலில் 8 வால்வு, பிறகு 85 குதிரைத்திறன் 16 வால்வு என்று இரண்டு எஞ்சின் வந்தது.

கேள்வி: புது பெல்ட் போட்டதிலிருந்து வண்டிக்கு இழுவை இல்லை. மெக்கானிக் குறியெல்லாம் சரி என்கிறார். பெல்ட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகள் இப்போது புல்லிக் குறியோடு சேரவில்லை. அதுதான் காரணமா? – தஞ்சாவூர் வாசகர்

வெள்ளைக் கோட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும் உதவுபவை. கிராங்க் புல்லியில் 20 பல், பெல்ட்டில் 100 பல் என்று வைத்தால், இரண்டு சுற்றில் பெல்ட் 40 பல்தான் நகரும். கோடுகள் மறுபடி பழைய இடத்துக்கு வர பத்துச் சுற்று வேண்டும். பார்க்க வேண்டியது புல்லிகளில் பொறித்த குறிகளை மட்டும்.

இழுவை இல்லாததற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பல் தவறி உட்கார்ந்திருப்பதுதான். 20 பல் புல்லியில் ஒரு பல் என்றால் கிராங்க்கில் 18 டிகிரி. எஞ்சின் ஓடும், ஐட்லிங்கூட ஏறக்குறைய சரியாக இருக்கும், மேட்டில் மட்டும் மூச்சு வாங்கும். இது எப்படி நடக்கிறது என்றால், டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் தொய்வாக இருக்கும்போதே குறியைப் பார்த்துத் திருப்தியடைந்து மறுபக்கத்தை மாட்டிவிடுகிறார்கள். டென்ஷனரை விட்டதும் தொய்வு இழுபட்டுக் கேம் ஒரு பல் அளவு நகர்கிறது. கிராங்க்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக இழுத்துக் கேமில் மாட்டி, தொய்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் தள்ளுவதே முறை.

மறுபடி சோதிக்க, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை நேர் எதிரே குனிந்து பாருங்கள். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் அரைப்பல் ஏமாற்றும். எந்தத் திசை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். 1998 முதல் 2003 வரை வந்த முதல் ஹோண்டா சிட்டி அதற்கு எதிர்த்திசையில் சுற்றும். குறி சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், கிராங்க் புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவித் துண்டு தேய்ந்திருக்கிறதா பாருங்கள். புல்லி போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைக்காமல் முறுக்கிய வண்டிகளில் அது நசுங்கி, குறி ஓரிடத்திலும் கிராங்க் வேறிடத்திலும் நிற்கும். டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள வண்டியானால் இக்னிஷன் டைமிங்கை லைட் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – நாகர்கோவில் வாசகர்

எஞ்சினின் பக்கவாட்டில் கேமை மூடியிருப்பது நான்கைந்து சிறு போல்ட் போட்ட பிளாஸ்டிக் கவர் என்றால் பெரும்பாலும் பெல்ட். ஆயில் கசியாதபடி சீலன்ட் வைத்து மூடிய அலுமினியம் கவர் என்றால் செயின். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2010க்கு முன் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டில் பெல்ட், அதன் பிறகு வந்ததில் செயின். ஐ10இல் 1.1 எஞ்சினுக்குப் பெல்ட், 1.2 எஞ்சினுக்குச் செயின். பழைய அம்பாசிடர் 1489 சிசி பெட்ரோலுக்கும் பத்மினிக்கும் செயின்தான்.

கேள்வி: டாடா இண்டிகா டீசல், 2003. பெல்ட் மாற்றிய பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, வெள்ளைப் புகை கக்குகிறது. இஞ்செக்டர் போய்விட்டது என்கிறார்கள். – சேலம் வாசகர்

இஞ்செக்டரைத் தொடாதீர்கள். முந்தைய நாள் வரை நன்றாக இருந்த இஞ்செக்டர் பெல்ட் மாற்றியதால் கெடாது. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கேமோடு டீசல் பம்ப்பையும் சுற்றுகிறது. பெல்ட்டைக் கழற்றும் நொடியில் பம்ப் புல்லி உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விசையால் படக்கென்று திரும்பும். அதைக் கவனிக்காமல் அப்படியே புது பெல்ட்டைப் போட்டிருப்பார்கள். பம்ப் பின்தங்கினால் டீசல் தாமதமாகப் பாய்ந்து, முழுதாக எரியாமல் வெள்ளைப் புகையாக வரும், ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும். முந்திப்போனால் எஞ்சின் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும்.

கேம், கிராங்க், பம்ப் மூன்றின் குறியும் ஒரே நேரத்தில் சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் பம்ப் புல்லியைப் பின் அல்லது போல்ட் செருகிப் பூட்டிவிட வேண்டும். பெல்ட் போட்டு டென்ஷன் வைத்து, பூட்டை எடுத்து, இரண்டு சுற்று கையால் சுற்றிய பிறகு மறுபடி குறிகளைச் சோதிக்க வேண்டும். கடைசியாக பம்ப் டைமிங்கை டயல் கேஜ் வைத்துக் கம்பெனி அளவுக்குச் சரிசெய்வது டீசல் பம்ப் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. பம்ப்பை லேசாகத் திருப்பிப் புகை குறையும் இடத்தில் முடுக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. பல் தவறியிருக்கும்போது அப்படிச் செய்தால் புகை நின்றதுபோலத் தெரியும், கேம் தவறியபடியே ஓடும்.